செக்ரோலில் செத்தவர்கள்

சென்ற ஆண்டு ஆகஸ்டு 24, சனிக்கிழமை, காலை மணி 10:17. மழை இல்லை. ஆனால் இதோ வருகிறேன் என்று ஏழு மணியிலிருந்தே பயமுறுத்திக்கொண்டிருந்த மப்பு. ஜெராய் மலையின் மேல் பாதி தெரியவில்லை. சுங்கை லாலாங் பக்கத்தில் எங்கள் பழைய தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஆறு மின்விசிறிகளில் நான்கு ஓடின. நாற்காலிகள் எண்பது. வந்திருந்தவர்கள் அறுபத்து மூன்று பேர். அடுத்த நான்கு நிமிடங்களில் எங்கள் உறுப்பினர்களில் ஏழு பேரை நான் கொன்றுவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் வாசிப்புப் பழக்கம்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் தோட்டத்து ஆபிசில் கிராணியாக, அதாவது கணக்கு எழுத்தராக, இருந்தவன் நான். எழுதி வைக்காத எதுவும் நடந்ததாக நம்ப மாட்டேன். விண்வெளிக் கதைகளும் மாயாஜால நாவல்களும் எனக்கு உயிர். ஆங்கிலத்தில்தான் படிப்பேன். இதுவரை 1,146 புத்தகங்கள். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண், பக்கம், தொடங்கிய நாள், முடித்த நாள், பத்துக்கு எத்தனை மதிப்பெண் எல்லாம் நோட்டில் இருக்கும். (சராசரி 6.3. நான் தாராளமாக மதிப்பெண் போடுகிறவன் இல்லை.) இந்தப் பழக்கம் என் மனைவி பாக்கியத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. எழுபத்திரண்டு வயது மனிதன், கோயில் செயலாளர், டிராகன் கதை படிக்கிறான் என்று தெரிந்தால் யார் மதிப்பார்கள்? புத்தகங்களுக்குப் பழுப்புத்தாளில் அட்டை போட்டு வைத்திருந்தேன். கேட்டவர்களிடம் ஆன்மிக ஆராய்ச்சி என்று சொல்லியிருந்தேன்.

விண்வெளிக் கதைகளில் தொல்லை கிடையாது. ஒரு கப்பல், ஐந்து பேர், ஒரு கிரகம். அதில் நான்கு பேர் செத்துவிடுவார்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம். மாயாஜால நாவல்கள்தான் ஆளைக் கொல்லும். நான் படித்துவந்த தொடர் ஒன்று ஒன்பது பாகம். எட்டுப் பாகம் முடிவதற்குள் 214 பேர் வந்து போய்விட்டார்கள். அவர்களுடைய பெயர்களைச் சொல்லிப் பார்த்தால் தொண்டையில் மீன் முள் மாட்டியதுபோல இருக்கும். அதை எழுதுகிறவரோ நான்கு ஆண்டுக்கு ஒரு பாகம்தான் எழுதுவார். புதிய பாகம் வரும்போது யார் ராஜா, யார் திருடன், யாருக்கு யார் சித்தப்பா என்று ஒன்றும் நினைவிருக்காது.

ஆகவே தோட்டத்து முறைக்குப் போனேன். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுப்பதைப் பெரட்டு என்பார்கள். அந்தக் கணக்கு செக்ரோல் என்ற பெரிய நோட்டில் ஏறும். இடது பக்கம் ஆட்களின் பெயர், மேலே தேதிகள். நான் தேதிக்குப் பதிலாக அத்தியாய எண்களைப் போட்டேன். அத்தியாயத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு கோடு, வராதவர்களுக்குச் சுழி. செத்தவர்களுக்குப் பெயரின் மேல் சிவப்புக் கோடு, கடைசிக் கட்டத்தில் காரணம்.

பெயர் மட்டும் மண்டையில் நிற்கவில்லை. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். கதை மனிதர்கள் ஒவ்வொருவருக்கும், அதே குணமுள்ள எங்கள் ஊர் மனிதர் ஒருவரின் பெயரை வைத்தேன். பேச்சை எடுத்தால் பதினோரு பக்கத்துக்கு நிறுத்தாத மந்திரவாதிக்கு எங்கள் கோயில் தலைவர் முத்தையாவின் பெயர். அண்டை நாட்டின் எல்லையைத் தாண்டி வந்து மரங்களை வெட்டிச் சாய்க்கும் தளபதி, என் பக்கத்து வீட்டு லோரி டிரைவர் பெருமாள். (என் ரம்புத்தான் மரக் கிளையை என்னைக் கேட்காமலே வெட்டியவர்.) டிராகனுக்கு மகளிர் பிரிவுத் தலைவி சரோஜா அக்காவின் பெயர். அதற்கு ஏன் என்று எழுத மாட்டேன். எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.

இந்த ஏற்பாட்டில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. படித்து முடித்த பாகங்களை ஒவ்வொன்றாகச் சுங்கைப் பட்டாணியில் பழைய புத்தகக் கடைக்குக் கொடுத்துவிட்டேன். பாக்கியம் எனக்கு அனுமதித்திருப்பது இரண்டு அலமாரிகள்தான். நோட்டு இருக்கும்போது புத்தகம் எதற்கு?

ஒன்பதாவது பாகம், அதுதான் கடைசி, கோயில் ஆண்டுக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் தபாலில் வந்தது. சனிக்கிழமை கூட்டம் முடிந்து, சாப்பிட்டு, சரியாக இரண்டரை மணிக்குத் தொடங்குவதாகத் திட்டம். ஒருமுறை புரட்டிப் பார்க்க நோட்டை எடுத்து மேசைமேல் வைத்திருந்தேன்.

அதே மேசையில்தான் கோயில் உறுப்பினர் பதிவேடும் இருந்தது. தோட்டம் கைமாறியபோது ஆபிசில் மிஞ்சிய பதினான்கு வெற்று செக்ரோல் நோட்டுகளை எனக்குக் கொடுத்திருந்தார்கள். பதிவேடும் அவற்றில் ஒன்று. அதே பச்சை அட்டை. உள்ளேயும் இடது பக்கம் பெயர்கள், மேலே சந்தா மாதங்கள், காலமானவர்களுக்குச் சிவப்புக் கோடு. எல்லாம் என் கையெழுத்து.

"ரெண்டுல ஒன்னுக்காவது வேற அட்ட போடுங்க" என்று பாக்கியம் என்னிடம் நான்கு முறை சொல்லியிருக்கிறாள். ஐந்தாவது முறை சொல்வதற்குள் நான் கிளம்பிவிட்டேன்.

எங்கள் ஆண்டுக் கூட்டத்தில் தேவாரம் முடிந்ததும் எல்லாரும் எழுந்து நிற்போம். அந்த ஆண்டு காலமான உறுப்பினர்களின் பெயர்களைத் தலைவர் பதிவேட்டிலிருந்து வாசிப்பார். பிறகு ஒரு நிமிடம் மௌனம். வழக்கமாக மூன்று பெயர், மிஞ்சினால் நான்கு. நான் நோட்டைத் தலைவரிடம் கொடுத்துவிட்டுத் தலைகளை எண்ணத் தொடங்கினேன். நாடா வைத்திருந்த பக்கத்தைத் திறந்து முத்தையா கணீரென்று வாசித்தார்.

"அமரர் காளியப்பன்."

காளியப்பன் கூலிமில் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு வாரமாகியிருந்தது. யாரும் பார்க்கவில்லை.

"ஐயோ, காளியப்பண்ணனா? எப்ப?" என்று பெண்கள் பக்கத்தில் ஒரு குரல் உடைந்தது. இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். நான் நாற்பத்தொன்றாவது தலையில் இருந்தேன். காளியப்பனுக்கு எப்போது கோடு போட்டோம் என்று லேசாக ஒரு நெருடல். எண்ணிக்கை தவறிவிடும் என்று தொடர்ந்தேன்.

"அமரர் மாரிமுத்து."

மாரிமுத்து பின்கட்டில் சுண்டல் கிண்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை.

"அமரர் பெருமாள், லோரி." (எங்கள் ஊரில் மூன்று பெருமாள்கள். அடையாளம் போட்டுத்தான் எழுதுவேன்.)

லோரி பெருமாள் இரண்டாவது வரிசையில் கைகட்டித் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார். பெயரைக் கேட்ட பிறகும் இரண்டு விநாடி அப்படியே நின்றார். தனக்குத் தானே அஞ்சலி செலுத்திய மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"அலமாக்! தலைவரே, லோரி பெருமாள் நான்தானே லா! இங்கதான நிக்கிறேன்!"

"இருங்க பெருமாள், வாசிச்சு முடிச்சிடுறேன்" என்றார் முத்தையா. கையில் எழுதிக் கொடுத்ததை முடிக்காமல் அவர் என்றைக்கும் நிறுத்தியதில்லை. "மனைவி பாலில் விஷம் கலந்தாள். மூன்றாம் பாகம்."

பெருமாளின் மனைவி லெட்சுமி திரும்பிக் கணவரைப் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்தார்.

"நானா? பால்ல வெஷமா? இந்த மனுசனுக்கு சுகரு. நாலு வருசமா நான் பாலே குடுக்கிறதில்ல!"

நான் கையைத் தூக்கினேன். "தலைவரே, அது வேற புத்தகம்" என்று சொல்லப் பார்த்தேன். லெட்சுமியின் சத்தத்தில் எடுபடவில்லை. அதற்குள் அவர் இன்னும் மூன்று பேரைத் தாண்டி ஏழாவதற்கு வந்திருந்தார்.

"அமரர் முத்தையா. பேசிக்கொண்டே இருந்தபோது பின்னாலிருந்து கோடாலியால்..."

நிறுத்தினார். மண்டபத்தில் மௌன அஞ்சலி தானாகவே நடந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்: நாற்பத்தெட்டு விநாடி.

"கிராணி, இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா, தலைவரே."

"நான் எப்பய்யா செத்தேன்?"

"எட்டாம் பாகத்துல. நானூத்திப் பன்னெண்டாம் பக்கம்."

வேறு வழியில்லை. மண்டபத்தின் நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்: மாயாஜால நாவல், டிராகன், பழுப்பு அட்டை. முப்பது ஆண்டுகளாகக் காப்பாற்றிய ரகசியம். சிரிப்பார்கள், பதவியை விட்டுப் போகச் சொல்வார்கள் என்று தயாராக இருந்தேன். நான் என்ன படிக்கிறேன் என்பதைப் பற்றி ஒருவர்கூடக் கவலைப்படவில்லை. ஒவ்வொருவருக்கும் தன்னைப் பற்றி மட்டும்தான் தெரிய வேண்டியிருந்தது.

"என் பேரு இருக்கா கிராணி?"

"நான் ராஜாவா, மந்திரியா?"

"அண்ணே, நான் எதுக்கு குதிர? என்னப் பாத்தா குதிர மாதிரியா இருக்கு?"

நோட்டு கைக்குக் கை மாறியது. அதன் பின்னாலேயே நானும் அலைந்தேன். கடைசியில் அது சரோஜா அக்காவிடம் போய் நின்றது. என்னைவிட மூன்று வயது மூத்தவர். எனக்கு இன்னும் பயம்.

"தம்பி, நானும் செத்துட்டேனா?"

"இல்லக்கா."

"அப்ப என்னா செய்றேன்?"

"பறக்குறீங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பெயருக்கு நேரே கடைசிக் கட்டத்தைப் படித்தார். 'ஆறு பேரை விழுங்கினாள். இன்னும் பசி.' நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"உசிரோட இருக்கிறவங்களுக்குக் கோயில்ல வச்சு அஞ்சலி செஞ்சிருக்கே. தோஷம். ஏழு பேருக்கும் ஆயுசு யாகம் செய். சாப்பாடும் போடு. அப்பறம் வந்து புக்க வாங்கிக்க."

"அக்கா, ஒம்பதாம் பாகம் வந்திருச்சு. அது இல்லாம என்னால ஒரு பக்கம்கூட படிக்க முடியாது."

"அப்ப சீக்கிரம் செய்."

யாகம் நடக்கப் பத்தொன்பது நாள் ஆனது. மேசைமேல் ஒன்பதாம் பாகம், நோட்டு சரோஜா அக்கா வீட்டில். பொறுக்க முடியாமல் முதல் பக்கத்தைத் திறந்தேன். பதினோரு பெயர்கள். ஒருவரும் தெரியவில்லை. 'அவன் திரும்பி வந்துவிட்டான்' என்று முடிந்தது அந்தப் பக்கம். எவன்? போன மாதம் என்னிடம் கேட்டிருந்தால் அவன் கடைசியாக எந்த அத்தியாயத்துக்கு வந்தான் என்றே சொல்லியிருப்பேன். அக்கா வீட்டுக்கு மூன்று முறை போய், ஒரே ஒரு பக்கம் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கெஞ்சினேன். மூன்று முறையும் காப்பி கிடைத்தது, நோட்டு கிடைக்கவில்லை.

ஹோமம் நடந்தது. ஐயர் ஏழு பேரின் நட்சத்திரமும் கேட்டார். காளியப்பன் இதற்காகவே கூலிமிலிருந்து வந்து, துக்கம் விசாரித்து மகளுக்குப் பதினாறு போன் வந்ததை என்னிடம் தனியாகச் சொன்னார். பந்தியில் பெருமாள் மூன்றாவது முறை சோறு வாங்கினார். "செத்துப் பொழச்சா ரொம்ப பசிக்குது கிராணி" என்றார். அவருக்கு நான்காவது முறையும் போடச் சொன்னேன். எனக்கு நோட்டு வேண்டும்.

கை கழுவியதும் அக்கா நோட்டைக் கொடுத்தார். வீட்டுக்குக்கூடப் போகவில்லை, கோயில் வாசலிலேயே திறந்தேன்.

பத்தொன்பது நாளும் அது சரோஜா அக்காவின் வீட்டு வரவேற்பறையில் பேனாவோடு இருந்திருக்கிறது. வந்தவர்கள் எல்லாரும் தங்கள் கணக்கைத் திருத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். சிவப்புக் கோடுகளின்மேல் வெள்ளை மை. பெருமாள் பெயருக்கு நேரே 'மனைவி நல்லவள். அரியணை ஏறினார்.' லெட்சுமியின் கையெழுத்து. முத்தையாவின் வரியில் 'நலமுடன் உள்ளார்', அதன் கீழே கோயில் முத்திரை. குதிரையை யாரோ இளவரசனாக்கியிருந்தார்கள். சரோஜா அக்கா தனக்கு ஒரே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'இனிமேல் சைவம்.'

எட்டுப் பாகத்தில் செத்தவர்கள் மொத்தம் 91 பேர். 88 பேர் எழுந்துவிட்டார்கள். மீதி மூன்று பேர் ஊரில் யாருக்கும் பிடிக்காதவர்கள்.

"என்னாத் தம்பி, இப்ப சந்தோசந்தானே?" என்றார் அக்கா.

அன்றிலிருந்து எங்கள் ஊரில் யாரையாவது நான்கு நாள் காணவில்லை என்றால், "கிராணி கோடு போட்டுட்டாரா?" என்றுதான் கேட்கிறார்கள். இந்த ஆண்டுக் கூட்டத்தில் அஞ்சலிக்கு முன்னால் முத்தையா மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்து, "பேரு வாசிக்கும்போது உசிரோட இருக்கிறவங்க தயவுசெஞ்சு கையத் தூக்குங்க" என்றார். அறுபத்தெட்டுப் பேர் சிரித்தார்கள். பாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

நான் மறுபடியும் முதல் பாகத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். பழைய புத்தகக் கடையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எட்டையும் கோலாலம்பூரிலிருந்து புதிதாக வரவழைக்க வேண்டியிருந்தது. மொத்தம் 6,482 பக்கம். புதிய நோட்டில் இந்த முறை பெயர் வைக்கவில்லை, எண்தான் போடுகிறேன். அதற்கே, தன்னுடைய எண் என்ன என்று கேட்டு நேற்றுவரை பதினேழு பேர் வந்துவிட்டார்கள். ஹோமம், அறுபத்தொன்பது பேருக்குச் சாப்பாடு, எட்டுப் பாகங்கள், தபால் செலவு, வெள்ளை மையைச் சுரண்டிப் பார்க்க வாங்கிய பிளேடு எல்லாம் சேர்த்து, இன்னும் முதல் பக்கத்தைத் தாண்டாத அந்த ஒன்பதாம் பாகத்தின் விலையைச் சேர்க்காமல், எனக்கு ஆன செலவு இரண்டாயிரத்து இருநூற்று நாற்பத்தாறு ரிங்கிட் எண்பது சென்.