பண்டாரவளையில் தரைதட்டிய கப்பல்

கடலே தெரியாத மலையூரான பண்டாரவளைக் குளிரில் உட்கார்ந்துகொண்டு ஒரே கப்பலை அறுபது தடவை தரைதட்ட வைத்தவர் உலகத்திலேயே எங்கள் கப்பலண்ணன் ஒருவர்தான். ஒவ்வொரு தடவையும் அதே மணல்திட்டு, அதே இடம். என் கொம்பியூட்டர் கடையின் மூன்றாவது மெஷினில்தான் இந்த அநியாயம் நடந்தது.

ஹல்துமுல்லைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் சுக்கான் பிடிக்கிற வேலை. அங்கே அதிகாரி ஒரு கட்டளை சொன்னால், சுக்கான் பிடிப்பவர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டுமாம். லீவில் வந்தாலும் அந்தப் பழக்கம் மனிதரை விடவில்லை.

"பாணும் பருப்பும் வாங்கிட்டு வாங்க" என்பார் மனைவி.

"பாணும் பருப்பும் வாங்கிட்டு வாறேன்!" என்று லயமே அதிரக் கத்துவார்.

பெரகல மலைப்பாதை வளைவுகளில் பஸ் டிரைவருக்குப் பின்னால் நின்று, "வலது பத்து!" என்று சுக்கான் கட்டளை போடுவார். "டிரைவர் திருப்பிச் சொல்ல மாட்டேங்கிறாரே தம்பி, எப்படி நம்பி உக்கார்றது?" என்பது அவர் கவலை.

அப்படிப்பட்டவரின் கப்பல் ஒரு துறைமுக வாசலில் தரைதட்டிவிட்டது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. கட்டளை தாமதமாக வந்தது என்று விசாரணையில் முடிவாகி, ஒரு இளம் அதிகாரிக்கு வேலை போயிற்று. நம் ஆளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த கப்பலுக்கு வரச்சொல்லிக் கடிதமே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அந்த அதிகாரி, கப்பல் போன பாதையின் பதிவை இவருக்கு அனுப்பி, "நான் நேரத்துக்குச் சொன்னதாகத்தான் ஞாபகம். நீயும் ஒருமுறை பார்" என்று எழுதியிருந்தார்.

இலவசமாகக் கிடைக்கிற கடல்வரைபட மென்பொருள் ஒன்றில் அதை ஏற்றிக் கொடுத்தேன். திரையெல்லாம் ஆழத்தைக் காட்டும் எண்கள்; நடுவே கப்பல் ஒரு சின்னக் குறியாக ஊரும். கடைக்கு வருகிறவர்களெல்லாம் வேலையை மறந்து கூடிவிடுவார்கள். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த தோட்டத்து அக்கா ஒருவர், "ஐயையோ, மணலு! திருப்புங்கண்ணே, திருப்புங்க!" என்று அலறினார்.

"எங்கக்கா திருப்புறது? போன ஆவணியிலேயே தட்டியாச்சு" என்றார் இவர்.

அறுபத்தோராவது தடவை, கப்பலைப் பாதியிலேயே நிறுத்தினார்.

"தம்பி, இந்தச் செவப்பு மிதவை நேரா வரும்போதுதான் அந்த ஆபீசர் சாரு கட்டளை குடுத்தாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கப்பல் எப்ப வளையுது, பாருங்க."

பார்த்தேன். அரை நிமிடம் தாமதம். அந்த ஒடுக்கமான வாசலில் அது போதுமாம்.

"நான் சத்தமாத் திருப்பிச் சொன்னேன் தம்பி. அதை நம்பித்தான் சாரு வேற பக்கம் பாத்தாரு. சொன்னதோட செஞ்சிட்டதா நெனச்சுட்டேன். அரை நிமிஷம் கை சுக்கானை அசைக்கவே இல்ல."

"யாருக்குண்ணே தெரியப்போகுது? கப்பலுக்குப் போற நேரத்துல ஏன் வீண் வம்பு?" என்றேன், வெட்கமில்லாமல்.

"அவருக்கு வேலை போயிருச்சே தம்பி. விசாரணைக்காரங்களுக்கு எழுதுங்க, இந்தப் படத்தையும் சேத்து. இனி எவனும் என்கிட்ட சுக்கானைக் குடுக்க மாட்டான். பரவாயில்ல."

எழுதினேன். அந்தக் கடையில் எத்தனையோ பேருக்கு மேன்முறையீடுகளை டைப் அடித்திருக்கிறேன். தப்பு என்னுடையது என்று ஒருவர் எழுதச் சொன்னது அன்றுதான். அனுப்புகிற பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, நினைத்த நேரத்தில் போகிற இந்தப் பாழாய்ப்போன கரண்ட் இப்போது போய்த்தொலையக் கூடாதா என்று ஏங்கினேன். அவ்வளவு பிடித்துப்போயிருந்தது எனக்கு அந்த மனிதரை.