வட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட ஆர்

அன்புக்கும் அதைவிடப் பெரிய கோபத்துக்கும் உரிய கொழுந்தனார் அவர்களுக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் அண்ணன் நலம், அடுப்பு நலம், ஈஸ்ட் கூடப் பொங்கிக்கொண்டு நலமாகத்தான் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு மட்டும் உடம்பு சரியில்லை. நீங்களும் உங்கள் வேலையும் அங்கே எப்படி என்று அறிய ஆசை. போன தடவை அனுப்பிய போட்டோவில் இளைத்த மாதிரி தெரிந்தீர்கள். இளைத்தது நீங்களா, இல்லை அதையும் எங்கள் கம்ப்யூட்டர் டப்பா மென்று துப்பிவிட்டதா என்று தெரியவில்லை.

போன் பண்ணலாமே என்று கேட்பீர்கள். பண்ணினால் உங்கள் அண்ணன் மாவுக் கையோடு பக்கத்தில் வந்து நின்று "யாரு? யாரு?" என்கிறார். நீங்கள்தான் என்று சொன்னால் உடனே அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறார், காதை மட்டும் இங்கேயே விட்டுவிட்டு. நீங்களோ அந்தப் பக்கம் "ம்", "சரி அண்ணி", "பார்க்கலாம் அண்ணி", அதற்கு மேல் ஒரு வார்த்தை செலவழிக்க மாட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். நாலாவதோடு நின்றவள் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். ஆனாலும் எங்கள் ஸ்க்ரீனில் வருவதைவிட அழகு, பயப்படாமல் படியுங்கள்.

விஷயம் இதுதான். நீங்கள் பேக்கரிக் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டுப் போனீர்களே அந்தக் கறுப்பு ஜன்னல், மார்க்கெட் கவுண்டரில் என் தங்கச்சி ஆர்டரைத் தட்டினால் என்ன கேக், எத்தனை கிலோ, மேலே என்ன எழுத வேண்டும் என்று இங்கே வந்து நிற்குமே, அதேதான். "என் கடைக்கு எதுக்குடா இந்தக் கறுப்பு டப்பா? எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று ஆட்கள் எதிரிலேயே அண்ணன் கத்தினார், நீங்கள் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனீர்கள். அந்தக் கதவின் தாழ்ப்பாள் இன்றுவரை சரியாக விழவில்லை. தச்சரைக் கூப்பிடலாம் என்றால் விட மாட்டேன் என்கிறார். சரி, டப்பாவையாவது கழற்றுவோம் என்றால் அதற்கும் விட மாட்டேன் என்கிறார். தினமும் அவரே துடைக்கிறார். திட்டிக்கொண்டேதான் துடைக்கிறார், ஆனால் துடைக்கிறார்.

இப்படி அர்ச்சனை வாங்கிக்கொண்டே உழைத்த டப்பா, காற்றாடிக்குள் மாவு அடைத்து ஒருநாள் மூச்சை விட்டது. ரிப்பேர்க்காரர், அவரை இங்கே டப்பா டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறோம், வேறொரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து வைத்து, கறுப்பு ஜன்னலையும் புதிதாக அதில் ஏற்றி, "எல்லாம் அப்படியே வரும்க்கா" என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார். வந்தது. எண்களெல்லாம் சமர்த்தாக வந்தன. எழுத்துதான் வரவில்லை. நம் எழுத்து ஒன்று வரவேண்டிய இடத்தில் மூன்று வந்து நிற்கிறது: தலையில் குச்சி செருகிய ஒரு இங்கிலீஷ் ஏ, வட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட ஒரு ஆர், அதற்கப்புறம் வாய்க்கு வந்தபடி ஏதோ ஒன்று. மறுபடி ஏ, மறுபடி ஆர். ஊர்வலம் போகிற மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது.

இதில் நம் கூம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேக் மேல் க்ரீமில் எழுதுகிற கூம்பு மாஸ்டர் உங்களுக்குத் தெரிந்தவன்தான். நீங்கள் போன பிறகு "அன்பு மேனேஜருக்கு" என்று வந்த ஆர்டரில் அன்பை எடுத்துவிட்டு வெறும் "மேனேஜருக்கு" என்று எழுதி அனுப்பினான். ஏண்டா என்றால், "அந்த ஆளை எனக்குத் தெரியும்க்கா, அன்புன்னு எழுதக் கை வரல" என்றான். அன்றைக்கு உங்கள் அண்ணன் ஒரு சட்டம் போட்டார்: "ஸ்க்ரீன்ல என்ன இருக்கோ அதை அப்படியே எழுது. யோசிச்சே, தொலைச்சுடுவேன்." அவனும் யோசிப்பதை அன்றோடு விட்டுவிட்டான். ஆகவே குச்சி வைத்த ஏவையும் மாட்டிக்கொண்ட ஆரையும் பார்த்துப் பார்த்து, ரோஸ் க்ரீமில், முத்து முத்தாக எழுதினான். ஒன்றுக்கு மூன்று என்பதால் கேக்கில் இடம் போதவில்லை. பக்கவாட்டில் இறங்கினான். அதுவும் போதாமல் அட்டையில் எழுதி, மிச்சத்தைப் பெட்டி மூடியின் உள்பக்கம் முடித்தான். "கண்ணு போச்சுக்கா, ஆனா ஒரு எழுத்து விடல" என்று பெருமையாக வந்து நின்றான்.

முதல் கேக், வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற ஒரு பெரிய அதிகாரிக்கு. அவர் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, எந்த நாட்டு பாஷையானாலும் மரியாதை மரியாதைதான் என்று கண்கலங்கிப் பேசினாராம். அது தப்பித்தது. இரண்டாவது, பெண்டாட்டியோடு சண்டை போட்ட ஒருத்தர் "மன்னிச்சுடு" என்று ஒரே வார்த்தை எழுதச் சொன்ன கேக். அந்த அம்மா பெட்டியோடு கடைக்கே வந்துவிட்டாள். "இந்த மனுஷன் வாயில அந்த வார்த்தை வராதுன்னு எனக்குத் தெரியும். கேக்லயுமா பாஷையை மாத்தணும்? நான் கண்டுபிடிச்சுப் படிக்கணுமாம்!" என்றாள். உங்கள் அண்ணன் மாவைப் பிசைந்துகொண்டே அதைக் கேட்டார். அதற்கப்புறமும் பிசைந்தார். அந்த மாவு பிசைந்து முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

டப்பா டாக்டருக்குப் போன் போட்டேன். முதலில் எழுத்து வடிவத்தை மாற்றச் சொன்னார், எல்லாம் கட்டம் கட்டமாகப் போனது. கூம்பு கட்டம் போட்டு ஒரு கேக்கை முடித்தே விட்டான், குளியலறைத் தரை மாதிரி இருந்தது. அப்புறம் டாக்டர், "அக்கா, ஜன்னலோட மூலையில அமுக்குங்க, செட்டிங்ஸ் வரும், அதுல எழுத்துக்குன்னு ஒரு பக்கம் இருக்கும், யூ.டி.எஃப். எட்டுன்னு தேர்ந்தெடுங்க" என்றார். தேர்ந்தெடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நம் எழுத்து வந்தது! கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் கொஞ்சம் விலகித்தான் நின்றது, குடும்பம் என்றால் அப்படித்தானே. நானும் கூம்பும் கைதட்டினோம். அண்ணன் மட்டும் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, "எங்கே அமுக்கினே?" என்று கேட்டார். காட்டினேன். "ஓ" என்று போய்விட்டார்.

மறுநாள் காலையில் பார்த்தால் ஏயும் ஆரும் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கின்றன. "சேவ் பண்ணீங்களாக்கா?" என்றார் டாக்டர். அன்றைக்கு மறுபடி மாற்றி, சேவ் பண்ணினேன். அடுத்த காலையும் அதே கதை. "சேவ் பண்ணினா போகவே போகாதேக்கா" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நான் தினமும் துடைத்து வைக்கிற மௌஸ் மேல் காலையில் மாவு ஒட்டியிருக்கிறது, அது ஒரு தனி மர்மம். இப்போது ஸ்க்ரீனை நம்பப் பயந்து தங்கச்சி ஒவ்வொரு ஆர்டரையும் போனில் கத்துகிறாள், கூம்பு ஒரு காதில் போனும் ஒரு கையில் க்ரீமுமாக எழுதுகிறான், போனிலும் பாதி க்ரீம். "செல்லக்குட்டி" என்று அவள் கத்துவது மார்க்கெட் முழுக்கக் கேட்டு, எதிர்க்கடைக்காரர் திரும்பிப் பார்க்கிறாராம். "நான் வேற வேலை பார்த்துக்கிறேன்க்கா" என்கிறாள். உங்கள் அண்ணனிடம் சொன்னால், "இதைப் பண்ணினவன் வந்து பார்த்தாத்தான் சரியாகும்" என்கிறார். சரி, கூப்பிடுங்கள் என்றால் அடுப்பைப் பார்க்கப் போகிறார்.

ஆகவே தம்பி, கோபத்தை அங்கேயே பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு ஒரு தடவை வந்து இந்தக் கோளாறை நீக்கித் தர வேண்டும். உங்களைத் தவிர யாராலும் முடியாது என்று நிரூபணமாகிவிட்டது. எப்போது வந்தாலும் கதவைத் தட்ட வேண்டாம். தாழ்ப்பாள்தான் விழுவதில்லையே, தள்ளினால் திறந்துகொள்ளும்.

நல்ல தூக்கமும் நல்ல சாப்பாடும் நல்ல புத்தியும் கிடைக்க வாழ்த்துகிறேன். கடைசியாகச் சொன்னதை உங்கள் அண்ணனோடு பாதி பாதி பிரித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
அண்ணி

பின்குறிப்பு: ஒட்டின கவரைப் பிரித்து எழுதுகிறேன், ஓரம் கிழிந்திருப்பது அதனால்தான். இதைத் தபாலில் போடலாம் என்று இன்றைக்குச் சீக்கிரமாகவே கடைக்கு வந்தேன். உங்கள் அண்ணன் எனக்கும் முன்னால் வந்து டப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார். மாவுக் கை, ஒற்றை விரல். ஜன்னலின் மூலையில் அமுக்கினார், எழுத்துப் பக்கத்துக்குப் போனார், நான் வைத்திருந்த எட்டை எடுத்துவிட்டு வேறு ஒன்றை வைத்தார், சேவ் வேறு பண்ணினார். நம் எழுத்தெல்லாம் போய் ஏயும் ஆரும் வந்து நின்றதைத் திருப்தியாகப் பார்த்தார். "என்னங்க பண்றீங்க?" என்றேன். மனிதர் திரும்பவில்லை. "சரியாயிட்டா அவன் எதுக்கு வருவான்?" என்றார். எழுந்து அடுப்பைப் பார்க்கப் போகிற போக்கில், "லெட்டர்ல நான் சொன்னேன்னு எழுதாதே" என்றார்.

எழுதவில்லை. மேலே உள்ள எதையும் நம்ப வேண்டாம், டப்பாவில் ஒரு கோளாறும் இல்லை. உடனே புறப்பட்டு வந்து ரிப்பேர் பண்ணவும். ஒரே நாளில் முடித்துவிட வேண்டாம்.