மரை வேட்டைக்கு நாய் எதற்கு?

நாடு விட்டு நாடு வந்த எவனும் முதல் வருடத்துக்குள் தன் ஊரைப் பற்றி ஒரு பெரிய பொய்யாவது சொல்லியிருப்பான். சரிபார்க்க யாரும் வரப்போவதில்லை என்ற துணிச்சல்தான் காரணம். சிலர் தகப்பனின் காணியை மூன்று மடங்காக்குவார்கள். சிலர் பள்ளிக்கூடத்துக் கிரிக்கெட் கப்டன் ஆவார்கள். நான் வேட்டைக்காரன் ஆனேன். எண்பது வயதைத் தாண்டிய பிறகு இதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தப் பொய்யால் ஒரு நல்ல மனிதனின் நாய்கள் வீடிழந்தன. அதைத்தான் எழுத வந்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னின் கிழக்கு விளிம்பில், டண்டினோங் பக்கம், நானும் மனைவி பரமேசும் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தோம். நான் பொறியியல் படித்துவிட்டுத் தண்ணீர்க் குழாய்களுக்குப் படம் கீறும் வேலையில் இருந்தேன். பக்கத்து வீட்டில் ரோய். செங்கல் கட்டும் மேசன். தோள் எங்கள் வீட்டு அலுமாரி அளவு. மனைவி பிள்ளை இல்லை. பின்வளவில் எட்டு வேட்டை நாய்கள் இருந்தன. தொங்கிய காது, சோகமான கண். ஆனால் ஒன்று ஊளையிடத் தொடங்கினால் எட்டும் சேர்ந்து சுருதி பிடிக்கும்.

ஒரு சனிக்கிழமை ரோய் தன் கொட்டிலின் முகட்டில் ஒரு பெரிய மான் கொம்பை ஆணியடித்துக் கொண்டிருந்தான். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "அது எங்கட மரையல்லோ" என்றேன்.

"சிலோனில் இது இருக்கா?" என்று திரும்பினான். (ரோய் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் ஐம்பது வருடமாக நான் இந்தக் கதையை வீட்டில் சொல்லிச் சொல்லி, என் ஞாபகத்தில் அவன் தமிழ்தான் பேசுகிறான்.)

"இருக்கா என்று கேட்கிறாய். எங்கட காட்டில அதுதானே ராசா."

"இங்கே மலையில் திரியிறதெல்லாம் அந்தக் காலத்தில் கப்பலில் கொண்டுவந்து விட்டதன் வாரிசுகள். சிலோனிலிருந்தும் வந்ததாம்." இதைச் சொல்லிவிட்டு, நானும் அதே கப்பலில் வந்தவன் போல என்னை ஒரு மரியாதையோடு பார்த்தான். "அப்போ நீ மரை சுட்டிருப்பாய்."

அந்தத் தெருவுக்கு வந்து எட்டு மாதம். அதுவரை என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இரண்டே: குளிருதா, எப்போது திரும்பிப் போகிறாய். இது மூன்றாவது கேள்வி. அதற்கு "இல்லை" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஓம். நாலைந்து" என்றேன்.

எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சைவம். முட்டை வாங்கும் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத பரம்பரை. நான் அதுவரை தொட்ட ஒரே ஆயுதம் பரமேசு தேங்காய் துருவும் திருவலை.

ஆனால் பொய்க்குச் சோறு போட்டு வளர்க்க என்னிடம் கையிருப்பு இருந்தது. சிறுவயதில் எங்கள் வீட்டில் வாடகைக்கு இருந்த ஓவசியர் ஒருவர் வன்னிக் காட்டில் வேலை பார்த்தவர். அவர் சொன்ன வேட்டைக் கதைகளையெல்லாம் நான் எனக்கு மாற்றிக்கொண்டேன். வார இறுதிகளில் ரோயின் கூட்டாளிகள் பியரோடு வருவார்கள். நான் லெமனேட்டோடு வேலியில் சாய்ந்து மரை சுடுவேன். கதைக்குக் கதை கொம்பு நீண்டது. "நேதன், அந்தச் சிறுத்தை வந்த கதையைச் சொல்லு" என்பார்கள். (நாதன் என்ற நான் அங்கே நேதன் ஆகிவிட்டிருந்தேன். வேட்டைக்காரனுக்குப் பொருத்தமான பெயர் என்று நானே நினைத்துக்கொண்டேன்.)

இப்படி இருக்கையில் அரசாங்கம் வேட்டை விதிகளை மாற்றப்போகிறது என்ற செய்தி வந்தது. மான் வேட்டைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமாம். சின்னத் துவக்கால் சுடக்கூடாதாம். இரவில் டோர்ச் அடித்துச் சுடக்கூடாதாம். இதெல்லாம் ரோய்க்குப் பெரிதில்லை. கடைசியில் ஒன்று இருந்தது: ஒரு கூட்டம் வேட்டைக்குக் கொண்டுபோகும் நாய்களின் தொகையைப் பாதியாகக் குறைப்பது பற்றி யோசிக்கிறார்கள்.

"பாதி என்றால் நாலு" என்றான் ரோய். நாய்கள் வேலிக்கு அந்தப் பக்கம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. "வேலையில்லாத வேட்டை நாயை யார் வளர்ப்பான்? எதை அனுப்புவேன்?"

அதிகாரி ஒருவர் மலையடிவார ஊர் ஒன்றின் மண்டபத்துக்கு வந்து வேட்டைக்காரர்களின் அபிப்பிராயத்தைக் கேட்கப்போகிறார். ரோய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தான். "நாங்கள் எழும்பினால் சத்தம்தான் போடுவோம். நீ படித்தவன். மரையின் சொந்த ஊர்க்காரன். எங்களுக்காக நாலு வார்த்தை பேசு."

பரமேசு குசினிக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் போனதும் வந்தாள். "இஞ்சேருங்கோ, உங்களுக்கு உதுக்குள்ள என்ன வேலை? நுளம்பு அடிக்கவே கை நடுங்கிற மனுசன்."

"நாலு வார்த்தைதானே."

"நீங்கள் நாலோட நிப்பாட்டின ஆளோ?"

கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மண்டபம் நிரம்பியிருந்தது. எனக்கு அப்போது தெரியாத, தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. மரை வேட்டைக்காரரில் இரண்டு சாதி. ஒரு சாதி நாய்களை விட்டு மரையைக் கிளப்புவது. மற்றச் சாதி தனியே, பூனை மாதிரி நடந்து, தடம் பார்த்துச் சுடுவது. நாய் ஊளையிட்டு மரையெல்லாம் ஓடிவிடுகிறது என்று இரண்டாம் சாதிக்கு முதல் சாதி மேல் தீராத கோபம். கலியாண வீட்டில் மாப்பிள்ளை பகுதி, பெண் பகுதி போல, நாய்க்காரர் வலப்பக்கக் கதிரைகளிலும் தனி நடைக்காரர் இடப்பக்கத்திலும் இருந்தார்கள். நான் அதை இட வசதிக்காக என்று நினைத்தேன்.

அதிகாரி மெலிந்த இளைஞர். மூக்குக்கண்ணாடி அடிக்கடி நழுவியது. விதிகளை வாசிக்க வாசிக்க மண்டபம் கொதித்தது.

"அனுமதிப்பத்திரம் எனக்கு மட்டுமா, மரைக்கும் உண்டா?" என்றான் ஒருவன்.

"என் துவக்கு சின்னதென்று சொல்ல நீ யார்? என் மனைவியே சொன்னதில்லை" என்றான் இன்னொருவன். அதற்கு இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. அன்று இரு பகுதியும் ஒத்துப்போனது அந்த ஒரு முறைதான்.

"ஐயா, விதி போடுகிற நீங்கள் மரையை எங்கே பார்த்தீர்கள்?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார். அதிகாரி, "மிருகக்காட்சிச்சாலையில்" என்றார். நான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் என்னைவிட அனுபவசாலி.

நாய்களைப் பற்றிய விதி வந்தது. ரோய் என் முழங்கையைத் தட்டினான். எழுந்தேன். முதல் பாதி நன்றாகத்தான் போனது. நாய் மனிதனின் பழைய துணைவன் என்றேன். இந்த மனிதர் தன் எட்டு நாய்களையும் பிள்ளைகள் போல வளர்க்கிறார் என்றேன். ரோய் தலையைக் குனிந்துகொண்டான். அத்தோடு இருந்திருக்கலாம். நாலு வார்த்தை முடிந்திருந்தது.

அதிகாரி கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு மிகப் பணிவாகக் கேட்டார்: "நீங்கள் சிலோனில் வேட்டையாடியவர் என்றார்கள். அங்கே எத்தனை நாய்கள் கொண்டுபோவீர்கள்?"

இந்தக் கேள்விக்கு என்ன மறுமொழி சொல்ல வேண்டும் என்று ஒரு குழந்தைக்கும் தெரியும். ஆனால் யாழ்ப்பாணத்தானிடம் உங்கள் ஊரில் எப்படி என்று யாரும் கேட்கக்கூடாது. கேட்டால் எங்களுக்குள் ஏதோ ஒன்று எழும்பி நின்றுவிடும். மாம்பழமோ கணித வாத்தியாரோ, எதுவானாலும் எங்கள் ஊரில் இதைவிடத் திறம். எந்தப் பக்கத்துக்காகப் பேச வந்தேன் என்பது அந்தக் கணமே மறந்துபோனது.

"நாயா?" என்றேன். ஒரு சின்னச் சிரிப்பும் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் போர்வையை இழுத்து மூடத் தோன்றுகிறது.) "எங்கள் நாட்டில் மரைக்கு நாய் எதற்கு? ஒரு நல்ல தடம் பார்ப்பவன் போதும். குளம்படியைப் பார்த்தே வயது சொல்லுவான்."

இடப்பக்கமிருந்து கைதட்டல் வெடித்தது.

என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அப்படிக் கைதட்டியதில்லை. நான் இடப்பக்கம் முழுதாகத் திரும்பிவிட்டேன். காற்றின் திசை பார்ப்பதைச் சொன்னேன். ஒடிந்த இலையைத் தொட்டே மரை போன நேரத்தைக் கணிப்பதைச் சொன்னேன். நாய் கொண்டுபோகிறவனை எங்கள் காட்டில் யாரும் வேட்டைக்காரனாக மதிப்பதில்லை என்றும் ஒரு போடு போட்டேன். (ஓவசியர் இதைச் சொன்னதேயில்லை. அவரிடம் மூன்று நாய்கள் இருந்தன.) சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். ஒருவர் சீழ்க்கை அடித்தார். அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டேயிருந்தார்.

புகழில் நனைந்து, என் ஆளும் மகிழ்கிறானா என்று வலப்பக்கம் பார்த்தேன். அங்கே ஒருவரும் அசையவில்லை. ரோய் தன் தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்தான், அதில் தண்ணீர் இருப்பது போல.

"ஆனால்" என்று தொடங்கினேன், "இந்த நாட்டு நாய்கள்..."

"நன்றி, எல்லாம் தெளிவாக விளங்கியது" என்றார் அதிகாரி.

ரோயின் சிறு லொறியில் திரும்பி வந்தோம். பின்னால் டியூக், டெய்சி என்ற இரண்டு கிழட்டு நாய்கள், சபையில் காட்டவென்று குளிப்பாட்டிக் கொண்டுபோனவை, எதுவும் அறியாமல் காற்றைக் குடித்துக்கொண்டு வந்தன. பாதி வழியில் ரோய் கேட்டான்.

"நேதன், நீ உண்மையில் மரை சுட்டிருக்கிறாயா?"

"இல்லை."

"பார்த்தாவது இருக்கிறாயா?"

"நாலாம் வகுப்புப் புத்தகத்தில் படம் இருந்தது."

"இறைச்சியாவது தின்றாயா?"

"நாங்கள் சைவம்."

லொறியை ஓரத்தில் நிறுத்தினான். இறங்கச் சொல்லப்போகிறான் என்று என் கை கதவுப்பிடிக்குப் போனது. அவன் தலையைச் சுக்கானில் சாய்த்துக் குலுங்கினான். அழுகிறான் என்று நினைத்தேன். சிரிப்பு. கண்ணீர் வழியச் சிரித்தான். பின்னால் நாய்களும் சேர்ந்து ஊளையிட்டன. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு முதல் முறையாக வெட்கம் வந்தது. திட்டியிருந்தால் இவ்வளவு வந்திராது.

சில மாதத்தில் புதிய விதி வந்தது. ரோயின் கூட்டத்துக்கு நாலு நாய்தான். "உன்னாலே இல்லை, அவர்கள் முதலே முடிவுகட்டியிருப்பார்கள்" என்றான். அவன் நல்லவன், அப்படித்தான் சொல்லுவான். நான் நம்பவில்லை. இரண்டு இளம் நாய்களை யார் எடுத்தார்கள் தெரியுமா? அன்று எழுந்து நின்று கைதட்டிய தனி நடைக்காரர் ஒருவர், மனைவிக்குத் துணையாக. மிச்சம் டியூக்கும் டெய்சியும். கிழட்டு நாயை எடுக்க ஆளில்லை. ஆளில்லாத வேட்டை நாய்க்கு மலைப்பக்கத்தில் என்ன நடக்கும் என்று ரோய் சொல்லவில்லை. அவன் துவக்கைத் துடைப்பதை வேலிக்கு மேலால் பார்த்தேன். நானே போய் இரண்டு கயிற்றையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

"ஆரின்ர நாயள்?" என்றாள் பரமேசு.

"எங்கட."

அவள் என்னைப் பார்த்தாள், நாய்களைப் பார்த்தாள். "எது வீட்டுக்குள்ள படுக்கிறது, நீங்களோ அதுகளோ எண்டு இப்பவே சொல்லிப் போடுங்கோ."

வெள்ளிக்கிழமை அவள் மணியடித்துச் சிவபுராணம் தொடங்கினால் டியூக் மேல்சுருதியில் சேர்ந்துகொள்ளும். சோறும் பருப்பும் தின்று இரண்டும் குத்துவிளக்குப் போலப் பளபளத்தன. ஒரு மாதத்தில் டெய்சி சைவத்தில் ஊறிப்போய், ரோய் ஆசையாகக் கொண்டுவந்த எலும்பை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. "என் நாயை என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்?" என்று அவன் பரமேசிடம் மனம் நொந்து கேட்டான். அவள் அவனுக்கும் ஒரு தட்டுப் போட்டாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ரோய் எங்கள் வீட்டில்தான். நாலு நாயோடு இரண்டு வருடம் மலைக்குப் போனான். பிறகு முழங்கால் நோகிறது என்று நிறுத்திவிட்டான். செங்கல் சுமக்கும்போது அந்த முழங்கால் நொந்ததை நான் கண்டதில்லை. அந்த ஒன்றை மட்டும் என்னால் இன்றுவரை சிரித்துக் கடக்க முடியவில்லை.

பல வருடம் கழித்து என் மகளின் கலியாணம். மாப்பிள்ளை பகுதி கோயம்புத்தூர்; நாய் என்றால் உயிரை விடும் குடும்பம். ரோய் வேட்டி கட்டி முன்வரிசையில் இருந்தான். தாலி கட்டுக்கு முன் சம்பந்தி மரியாதையாகப் போய், நீங்கள் யார் என்று விசாரித்திருக்கிறார். ரோய் என்னைக் கைகாட்டி, "ஒரே வசனத்தில் என் நாலு வேட்டை நாயை வீழ்த்தினவர் அவர்தான்" என்றிருக்கிறான்.

சம்பந்தி அம்மா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. நாதஸ்வரக்காரரை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவசரமாகக் கூடிய இரு குடும்பத்துக்கும் நடுவில், மணவறைக்குப் பக்கத்தில் நின்று, அந்த மண்டபக் கதை முழுவதையும் நான் சொல்லி முடித்தேன். பொய், கைதட்டல், தொப்பி, எல்லாம். ஐயர் நல்ல நேரம் போகிறது என்று ஏழெட்டுத் தரம் மணி ஆட்டினார். முடிவில் சம்பந்திதான் முதலில் சிரித்தார்.

சம்பந்தி வீட்டார் இப்போது மெல்பேர்னின் மேற்கே டார்னெய்ட்டில் இருக்கிறார்கள். நான் போய் வாசல் மணியை அடித்தால், உள்ளேயிருந்து சம்பந்தியின் குரல் தவறாமல் கேட்கும்: "யாராவது நாயைப் பிடிச்சுக் கட்டுங்க. வேட்டைக்காரர் வர்றார், பேச ஆரம்பிச்சிடப் போறார்."