ஆர்.பி.எம்.மின் ஹெலிகாப்டரும் என் வி.சி.டி. பிளேயரும்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மோட்டாரைக் கழற்றி, இன்னும் வேகமாக ஓட வைக்கிறேன் என்று ஆரம்பித்து, இனி எந்தக் காலத்திலும் அது ஓடாதபடி செய்துவிடுவதில் அவரை மிஞ்ச இந்த உலகத்தில் ஆள் கிடையாது. ஜப்பான்காரன் மோட்டார் செய்கிறான், ஜெர்மன்காரன் செய்கிறான், சீனாக்காரன் கிலோக் கணக்கில் செய்து தள்ளுகிறான். அத்தனை பேர் செய்ததையும் காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒற்றை ஆளாக எரித்துத் தீர்த்தவர் எங்கள் ஆர்.பி.எம்.

அது அவர் பெயர் அல்ல. பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். மிக்ஸி, டேபிள் ஃபேன், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் செப்புக் கம்பிச் சுருளான காயில் கட்டும் கடை வைத்திருந்தார். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதைக் குறிக்கும் அந்த மூன்று இங்கிலீஷ் எழுத்துகள் இல்லாமல் அவரால் எதையும் அளக்க முடியாது. டீக்கடையில் மாஸ்டர் ஆற்றுவதைப் பார்த்து, "கை நாப்பது ஆர்.பி.எம். கூட வரல, டீ எப்படிப்பா ஆறும்" என்பார். தேர் நிலையை விட்டுக் கிளம்பும்போது ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். இவர் மட்டும் சக்கரத்தைப் பார்த்து, "அரை ஆர்.பி.எம். தான். ஆனா டார்க்கு, அதான் இழுவை, இருக்குது" என்று பாராட்டுவார்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இயற்பியல் வாத்தியாராகப் போன நான், நெசவாளர் தெரு ஒன்றில் மாடி அறையில் குடியிருந்தேன். எனக்கு நேர் கீழே ஆர்.பி.எம். கடை. இரண்டுக்கும் சொந்தக்காரர் பக்கத்து வீட்டு தனம்மா. மூன்று பட்டுத் தறிகளை வைத்து ஆட்களை மேய்க்கிற அம்மாள். தெருவில் நாய்கூட அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குரைக்கும். அவர் நாக்குக்கும் ஆர்.பி.எம். ஒரு கணக்கு வைத்திருந்தார். "பதினஞ்சாயிரம், அதுவும் லோடு இல்லாம" என்று என்னிடம் மட்டும் சொல்வார்.

தனம்மாவின் மிக்ஸி பொங்கலுக்கு முன்னால் அந்தக் கடைக்குள் போனது. ஆடி பிறந்தும் வெளியே வரவில்லை. தினமும் காலையில் தனம்மா அம்மியில் சட்னி அரைப்பார். கடைக்குக் கேட்கும்படி பேசிக்கொண்டே அரைப்பார்.

"ஊர்ல எல்லாரும் சுவிட்ச தட்டிட்டு சட்னி அரைக்கிறாங்க. நான் அம்மிய கட்டிக்கினு அழுவுறேன். இங்க ஒருத்தரு ஏரோப்ளேன் செஞ்சிக்கினு இருக்கறாரு."

"ஏரோப்ளேன் இல்லக்கா, ஹெலிகாப்டர்" என்று கடைக்குள்ளிருந்து திருத்தம் வரும். அவ்வளவு பேச்சில் அவர் மனதைப் புண்படுத்தியது அந்த ஒரு பிழைதான்.

ஹெலிகாப்டர் வந்த கதை சின்னது. பட்டுக் கடை முதலாளி ஒருவர் சிங்கப்பூரிலிருந்து பேரனுக்கு வாங்கி வந்தது. முழங்கை நீளம், ரிமோட்டில் பறக்கும். பேரன் இரண்டாம் நாளே அதைச் சுவரில் மோதினான். "சரி பண்ண முடிஞ்சா பண்ணு, இல்லைன்னா நீயே வெச்சிக்கோ" என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார். ஆர்.பி.எம். அன்று மாலையே சரி பண்ணிவிட்டார். அது இடுப்பு உயரத்துக்கு எழும்பி, ஐந்து நிமிடம் ஒழுங்காகப் பறந்து, பதவிசாகத் தரையில் இறங்கியது. தெருவே கை தட்டியது.

ஆர்.பி.எம். மட்டும் உதட்டைப் பிதுக்கினார். "வேகம் பத்தல."

அந்த இரண்டு சொல்லில் ஆரம்பித்த சனி ஒரு வருடம் விலகவில்லை. முதலில் அந்த மோட்டாரைப் பிரித்து, இருந்த கம்பியை உருவி எறிந்துவிட்டு, கொஞ்சம் தடித்த கம்பியில் குறைந்த சுற்றாகக் கட்டினார். வேகம் வந்தது. கூடவே சூடும் வந்தது. மோட்டார் மேல் அப்பளம் வைத்தால் பொரிந்திருக்கும். பேட்டரி இரண்டே நிமிடத்தில் படுத்தது. பெரிய பேட்டரி போட்டார். அந்தக் கனத்தைத் தூக்க மோட்டாருக்குத் தெம்பு இல்லை. அதைவிடப் பெரிய மோட்டார் போட்டார். அந்த மோட்டாருக்கு அந்தப் பேட்டரி போதவில்லை. எட்டு மாதம் முடிந்தபோது ஹெலிகாப்டர் எடை இரண்டு மடங்காகி, பறக்கும் உயரம் இடுப்பிலிருந்து கணுக்காலுக்கு வந்திருந்தது. இதற்குப் பெயர் முன்னேற்றம் என்று அவர் நம்பினார். இப்படி நம்புகிறவர்களை அரசாங்க ஆபீஸ்களிலும் பார்த்திருக்கிறேன், ஆனால் அவர்கள் இவரைப்போல ராப்பகலாக உழைப்பதில்லை.

ஒரு நாள் அது புதுச் சேட்டை ஒன்று செய்தது. மேலே இறக்கை ஒரு பக்கம் சுற்ற, கீழே உடம்பு எதிர்ப்பக்கம் பம்பரமாய்ச் சுற்றியது. படித்த திமிரில் நான் விளக்கினேன். இறக்கை ஒரு திசையில் சுற்றினால் உடம்பு எதிர்த்திசையில் திரும்பத்தான் பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்தவே வாலில் ஒரு குட்டி மோட்டார் இருக்கிறது, தலைக்குப் பலம் ஏற்றினால் வாலுக்கும் ஏற்ற வேண்டும் என்றேன்.

"அது புக்கு சார். இது மோட்டாரு" என்றார் ஆர்.பி.எம். அப்படிச் சொல்லிவிட்டாலும் வாலைப் பார்த்து யோசித்துக்கொண்டே இருந்தார்.

சரியாக அந்த வாரம்தான் நான் என் வி.சி.டி. பிளேயரை அவரிடம் கொடுத்தேன். முட்டாள்தனம் என்று நீங்கள் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன். சத்தம் கரகரவென்று வந்தது, அவ்வளவுதான் கோளாறு. இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்தார். ஹெலிகாப்டரைத் தவிர அந்தக் கடை வரலாற்றில் அப்படி ஒரு வேகம் கிடையாது என்பதால் எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். சத்தம் சுத்தமாக இருந்தது. ஆனால் பட்டனை அழுத்தினால் சி.டி. வைக்கும் தட்டு வெளியே வரவில்லை. கீழே ஓடினேன்.

"தட்டு வர்லியே."

"அது தானா வர்றதுக்கு உள்ள தனியா ஒரு மோட்டாரு வெச்சிருக்கறான் சார். ஒரு தட்ட தள்றதுக்கு மோட்டாரா? அநியாயம் இல்ல? நீங்க கையாலயே இழுத்துக்கோங்க. விரல் இருக்குது இல்ல?"

மறுநாள் காலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் மோட்டார் ஹெலிகாப்டர் வாலில் உட்கார்ந்து தெருவில் பறந்துகொண்டிருந்தது. கோபம் வந்தது. ஆனால் உடம்பு சுற்றாமல் நேராக நின்று பறந்ததைப் பார்த்து, இயற்பியல் வாத்தியாராகக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமைதான் என் வாயை அடைத்தது.

பறக்கவிடுவதற்கு இடம் வேண்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய டி.வி.எஸ். ஃபிஃப்டியில், ஹெலிகாப்டரை மடியில் வைத்துக்கொண்டு, செவிலிமேடு தாண்டிப் பாலாற்று மணலுக்குப் போனோம். ஒரு ஆள் உயரம் ஏறி, காற்றில் சாய்ந்து, மணலில் குத்தி விழுந்தது. எடுத்துப் பார்த்தால் மோட்டாருக்குத் தாடி முளைத்திருந்தது. ஆற்று மணலில் இருக்கும் கருமணல் முழுக்க இரும்பு. காந்தம் அதை வாரி உள்ளே இழுத்து வைத்துக்கொண்டது. பல் தேய்க்கும் பிரஷை வைத்துக்கொண்டு நான்கு நாள் அதைக் கோதிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அவருக்கு மிஞ்சிய ஒரே இடம் எங்கள் தெரு. அதுவும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில்தான். எங்கள் தெருவில் காலையில் பாவு நீட்டுவார்கள். மூன்று புடவைக்கு வேண்டிய நீளப் பட்டு இழைகளை, ஆயிரக்கணக்கில், தெரு நடுவே கட்டில் உயரத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பிரஷ் போட்டுக் காய வைப்பார்கள். அது முடிகிறவரை சைக்கிள்கூட உள்ளே வராது. மாட்டைக்கூட வேறு வழியாகத்தான் ஓட்டுவார்கள். ஊரில் வேறெங்கும் கிடைக்காத காலி வானம் அந்த இரண்டு மணி நேரம் அங்கே இருந்தது. நல்ல புத்தி உள்ளவன் விரித்து வைத்த பட்டுக்கு மேல் இறக்கை சுற்றும் இயந்திரத்தை விட மாட்டான். ஆர்.பி.எம். விட்டார்.

முதல் நாளே தனம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு தெரு நடுவே வந்து நின்றார்.

"இன்னாப்பா இது. கல்யாண பாவுக்கு மேல உன் வெளையாட்டா?"

"படாதுக்கா. கண்ட்ரோல் என் கையில இருக்குது."

"சரி. தெருவே கேட்டுக்கினு இருக்கட்டும். என்னிக்காவது என் பாவுல ஒரே ஒரு இழை அறுந்துச்சின்னு வெச்சிக்கோ, அன்னிக்கே கடைய காலி பண்ணிக்கினு போயிடணும். ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேன்" என்றார் ஆர்.பி.எம். பதினாறு வருடமாக இருந்த கடையை, ஒரு மூச்சு விடும் நேரத்தில் பணயம் வைத்துவிட்டார். அந்தக் கடையைத் தவிர அவருக்கு வீடும் கிடையாது, வாசலும் கிடையாது. பின்பக்கம் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார். சொந்த பந்தம் என்று யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

ஆவணியில் அந்தப் புது மோட்டார் வந்தது. சென்னை ரிச்சி தெருவில் சொல்லி வைத்து, நான்கு மாதம் காத்திருந்து, தானே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தார். கார்பன் துண்டு தேயாத, பொறி பறக்காத, பிரஷ் இல்லாத மோட்டார். பச்சைப் பிள்ளையைப்போலத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார்.

"தொட்டுப் பாருங்க சார். இதுக்கு மேல உலகத்துல மோட்டாரு கெடையாது."

"வாலுக்கு?" என்றேன்.

"வால அப்புறம் பாத்துக்கலாம்."

மறுநாள் காலை தனம்மாவின் பாவு தெருவில் நீண்டிருந்தது. மாம்பழ மஞ்சள். சேலத்தில் ஒரு பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை. கஞ்சி ஈரத்தோடு வெயிலில் தகதகத்தது. ஆர்.பி.எம். தெரு முனையில் நின்று, புது மோட்டாருக்குக் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, ரிமோட்டைத் தூக்கினார்.

ஏறியது பாருங்கள். மாடி ஜன்னலில் நின்ற என்னைத் தாண்டி, கரண்ட் கம்பியைத் தாண்டி ஏறியது. ஒரு வருடம் சிரித்த தெரு வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்தது. தனம்மாகூடக் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். ஆர்.பி.எம். முகத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை இதுவரை வேறு எந்த மனிதன் முகத்திலும் பார்க்கவில்லை.

அடுத்த நொடி என் வி.சி.டி. மோட்டார் கையை விரித்தது. ஒரு தட்டைத் தள்ளப் பிறந்த பிராணி, எவ்வளவு நேரம்தான் தாங்கும்? உடம்பு சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே சாய்ந்தது. சாய்ந்துகொண்டே நேராகப் பாவின் நடுவில் வந்து இறங்கியது.

பட்டு அறுந்தால் சத்தம் வராது. இழைகள் இறக்கைத் தண்டில் சுற்றி, பல்சக்கரம் வழியாகப் போய், புது மோட்டாருக்குள் இறுகிக்கொண்டு கிடந்தன. சில அறுந்துவிட்டன, பல இன்னும் அறாமல் இழுபட்டுக்கொண்டிருந்தன.

தனம்மா கத்தரியை எடுத்தார். அங்கே வெட்டினால் ஒவ்வொரு இழையிலும் ஒரு முழம் போய்விடும். ஒரே தொட்டியில் தோய்த்த சாயம், அந்த மஞ்சள் மறுபடி வராது. புடவை குறித்த நாளில் சேலம் போகாது.

"அக்கா, கத்தரி வேணாம்" என்றார் ஆர்.பி.எம். பாவின் அடியில் குந்தினார். குறடை எடுத்தார். நான்கு மாதம் காத்திருந்த மோட்டாரின் கழுத்தில் வைத்து, ஒரே நெம்பு. மோட்டார் மூடி பிளந்து, காந்தங்கள் தரையில் சிதறின. பட்டு இழை ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நசுங்காமல் வந்தது. அவர் மோட்டார் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு அறுந்த இழைகளைப் பிணைக்க உட்கார்ந்தார். தலைமுடி மாதிரி கம்பியை வருடக் கணக்கில் சுற்றிய விரல்கள் அவை. கஞ்சி காய்வதற்குள் முடிக்க வேண்டும். எண்பத்தோரு இழை. தனம்மா எதிர்ப்பக்கம் குந்தி முனைகளை எடுத்துக் கொடுக்க, இவர் முடிச்சுப் போட்டார். முடிந்ததும் தனம்மா கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் பாவைத் தடவிப் பார்த்தார். முடிச்சு எங்கே என்று அவர் கைக்கே தெரியவில்லை.

ஆர்.பி.எம். கடைக்குள் போய், ஸ்க்ரூ டிரைவர்களைப் பையில் போட ஆரம்பித்தார். தனம்மா வாசலில் வந்து நின்றார்.

"எங்க கெளம்பிட்ட?"

"பேசனது பேசனதுதானக்கா. இழை அறுந்துடுச்சி."

"அறுந்த இழை எங்க இருக்குது, காட்டு."

"இப்ப இல்லக்கா. பிணைச்சிட்டேன்."

"இல்லாத இழைக்கு எதுக்குயா காலி பண்ற? பைய கீழ வை. என் மிக்ஸிய சாயங்காலத்துக்குள்ள குடு."

மிக்ஸி சாயங்காலம் வரவில்லை. அடுத்த வாரம் வந்தது. தனம்மா சுவிட்சைத் தட்டியதும் மூடி விட்டத்தில் மோதி, தேங்காய்ச் சட்னி சுவரெல்லாம் தெளித்தது. அவர் அதற்கும் மோட்டாரைப் பலப்படுத்தியிருந்தார்.

இந்த மனிதரைத் திருத்த முடியாது என்று அன்றே முடிவு செய்தேன். இருந்தாலும் அதற்கு இரண்டு நாள் கழித்து அவர் மாடி ஏறி வந்தபோது நான் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். கையில் ஒரு குட்டி மோட்டாரோடு நின்றார். ஹெலிகாப்டரில் உயிரோடு மிஞ்சியது அது ஒன்றுதான்.

"உங்களுது சார். எரியல, நல்லாத்தான் இருக்குது. மாட்டிக் குடுத்துடட்டா?"

வாங்கிப் பார்த்தேன். அவர் கையில் திரும்ப வைத்தேன்.

"வெச்சுக்கோங்க. அடுத்த ஹெலிகாப்டருக்கு ஆகும். எனக்குத்தான் விரல் இருக்கே."