டொக்டர் வீடு பார்க்க வந்த ஞாயிறு

சுவர் இன்னும் காயவில்லை. புவனேந்திரன் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். விரலில் மஞ்சள் பெயின்ட் ஒட்டிக்கொண்டது. சுவரில் ஒரு விரல் அடையாளம் விழுந்தது.

"ஜெயா, இது காயவே இல்ல!"

"தை மாச மழைங்க. மூணு நாளா துணியே காயல. சுவரு மட்டும் எப்புடிக் காயும்?" என்று குசினியிலிருந்து ஜெயலெட்சுமி குரல் கொடுத்தாள்.

மணி எட்டரை. பத்து மணிக்கு டொக்டர் ஸ்ரீஸ்கந்தராஜா மனைவியோடு வீடு பார்க்க வருவதாக இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், பதுளைக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதமாக வாடகை வீட்டில் இருப்பவர்.

தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்ற புவனேந்திரனுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாளில்லை. மகன் சுபாஸ் வெள்ளவத்தையில் தான் குடியிருக்கும் மாடியிலேயே பெற்றோருக்கும் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தான். அந்த வீட்டுச் சொந்தக்காரர் திங்கட்கிழமை வரைதான் பொறுப்பாராம். அது 2003ஆம் ஆண்டு. சமாதானம் வந்துவிட்டதென்று கொழும்பில் வீட்டு விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது. இங்கேயோ இவர்களுடைய வீதியில் மட்டும் மூன்று வீடுகள் விற்பனைக்கு நின்றன. அதில் ஒன்று பக்கத்து வீட்டு லத்தீப்புடையது. குளியலறை முழுக்க மாபிள் பதித்த வீடு.

கொழும்புக்குப் போகலாமா என்று அவர் கேட்டபோது ஜெயலெட்சுமி, "ஒங்க இஷ்டங்க" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். உதவிக்கும் குறை வைக்கவில்லை. முன்பு வந்த இரண்டு பேரும் ஹால் சுவரின் ஈரக்கறையைப் பார்த்து முகம் சுளித்ததும், பெயின்ட் அடிக்கச் சொன்னவள் அவள்தான். வியாழன் அட்டமி, வெள்ளி கரிநாள் என்று அவள் நாள் பார்த்ததில் வேலை சனிக்கிழமை மாலைக்குத் தள்ளிப்போய்விட்டது, அவ்வளவுதான்.

"வாசம் வேற தூக்குதே. டொக்டர் மூக்குக்குத் தெரியாமப் போகுமா?"

"ஒரு புடி சாம்பிராணி போட்டா சரியாப் போயிரும்."

ஒரு பிடி அல்ல, நாலு பிடி போட்டாள். பத்தே நிமிடத்தில் ஹாலின் இந்த மூலையில் நின்றவருக்கு அந்த மூலை தெரியவில்லை. புவனேந்திரன் இருமிக்கொண்டே யன்னல்களைத் திறந்தார். உள்ளே புகுந்த காற்று திரைச்சீலையைத் தூக்கி ஈரச் சுவரில் அப்பியது. அவர் இழுத்தார். சீலையோடு பெயின்டும் உரிந்து வந்தது. பின்னாலிருந்து பழைய ஈரக்கறை, முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாக, எட்டிப் பார்த்தது.

"போச்சு!"

"பதறாதீங்க. அலுமாரிய நகத்தி மறைச்சிருவோம். மொதல்ல செட்டிய வெளிய தூக்குங்க."

மூன்று பேர் உட்காரும் அந்த மெத்தைச் செட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோன நேரம் பார்த்து ஒரு தூறல் போட்டது. மெத்தை தண்ணீர் குடித்துக் கனத்தது.

"இப்ப அவங்கள எங்க ஒக்கார வைக்கிறது?" புவனேந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மழ விட்ருச்சு. முத்தத்துல காத்தாட ஒக்காரட்டும். நாற்காலிதானே, சங்கத்துல சொல்லி எடுத்துக்கலாம். நீங்க அலுமாரியப் பாருங்க."

அவர் அலுமாரியோடு மல்லுக்கட்டி முடித்து, வேர்வையைத் துடைத்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது முற்றத்தில் ஐம்பது வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக நின்றன. எல்லாம் வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. முதுகுகளில் சிவப்பு எழுத்தில் 'மரண உதவிச் சங்கம்'. அந்தப் பக்கத்தில் யார் இறந்தாலும் பந்தலும் நாற்காலியும் கொடுக்கிற சங்கம் அது.

"அடியே, என்னாடி இது?"

"அய்யய்யோ, எழுத்த நான் கவனிக்கலைங்களே!"

திருப்பிப் போட நேரமில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார்கள். திறந்த வீட்டுக்குள்ளிருந்து சாம்பிராணிப் புகை சுருள் சுருளாக வந்தது. லத்தீப்பின் மனைவி ஜெஸீமா பெரிய பிளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணீர் கொண்டு வந்திருந்தாள். சந்திக் கடை மொஹிதீன் புவனேந்திரனைக் கண்டதும் நாற்காலியோடு பின்னால் சரிந்தார்.

"அல்லாஹ்வே! ஐயா, நீங்க ஈக்கிறீங்களா?"

"இல்லாம எங்க போனேன்?"

"அப்ப... அம்மாவா?"

"நான் இல்லைங்க நானா," என்று தட்டோடு வந்து நின்றாள் ஜெயலெட்சுமி. "பிஸ்கட் எடுத்துக்கோங்க."

"அப்ப யாரு?" என்றார் மொஹிதீன். கடையைப் பூட்டிவிட்டு வந்த மனுஷனுக்கு யாராவது ஒருவர் தேவைப்பட்டார்.

அந்த நேரத்தில்தான் டொக்டரின் கார் வந்து நின்றது. அவர் வாசல் படலையிலேயே சப்பாத்தைக் கழற்றி வைத்தார். குனிந்த தலையோடு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். அவருடைய மனைவி ஜெயலெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆரம்மா மோசம் போனது? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"யாருமே சாகலைங்க, டொக்டர்!" புவனேந்திரன் கத்தியே விட்டார். "சுவரு காயல, அவ்வளவுதான்!"

பிறகு விளக்கத் தொடங்கினார். நாற்காலி ஏன் வந்தது என்று சொல்ல செட்டி நனைந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. செட்டிக்கு அலுமாரி, அலுமாரிக்குத் திரைச்சீலை, திரைச்சீலைக்குச் சாம்பிராணி என்று பின்னோக்கிப் போய்க் கடைசியில் அவர் ஈரக்கறையில் வந்து நின்றார்.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தச் சுவர் எவ்வளவு காலமா ஊறுது?"

"கட்டின நாள்லருந்து," என்றாள் ஜெயலெட்சுமி, கணவரை முந்திக்கொண்டு.

"வாங்கோ போவம்," என்று டொக்டரின் மனைவி எழுந்தாள். "செத்த வீடு மாதிரி ஒருக்காப் பாத்த வீட்டில எப்பிடியப்பா பால் காய்ச்சிறது?"

"தேத்தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க மிஸிஸ்," என்றாள் ஜெஸீமா, பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு. "எங்கட வீடு பக்கத்துலதான் ஈக்கிது."

தேநீர் குடிக்கப் போனவர்கள் மாபிளைப் பார்த்தார்கள். இரண்டு மணிக்கு லத்தீப்பின் கையில் முற்பணம் இருந்தது.

புவனேந்திரன் கொழும்புக்கு டெலிபோன் எடுத்தார்.

"அந்த ஆள் இனிப் பொறுக்க மாட்டாருப்பா," என்றான் சுபாஸ். "சரி, விடுங்க. அம்மாவ நெனச்சாத்தான் பாவமா இருக்கு. எவ்வளவு ஆசையா இருந்திருப்பாங்க."

அது அவருக்கும் சுருக்கென்றது. ஜெயலெட்சுமி முற்றத்தில் தனியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே மழை கழுவிவிட்ட மலை.

"மனசு விட்றாத ஜெயா. அடுத்த தடவ எப்படியும் வித்துருவோம்."

"என்னாங்க செய்றது, நமக்கு அமையல." அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அவர் அவளது முதுகை மெல்லத் தட்டிக்கொடுத்தார். அவள் சட்டென்று எழுந்து உள்ளே ஓடிவிட்டாள்.

சங்கத்து லொறியில் நாற்காலிகளை ஏற்றி முடித்த சின்னராசா, கையைத் துடைத்துக்கொண்டு அவரிடம் வந்து தலையைச் சொறிந்தார்.

"அம்மா கோவிச்சுக்கப் போறாங்கய்யா, நீங்கதான் எடுத்துச் சொல்லணும், எழுத்து பளிச்சுன்னு தெரியிற நாற்காலியாப் பாத்து எடுத்து வைக்கச் சொல்லி வியாழக்கெழமையே வந்து சொல்லிட்டுப் போனாங்க, நாந்தான் அவசரத்துல எழுத்து அழிஞ்சதுல நாலு சேத்துக் கொண்டாந்துட்டேன்."