மழை பெய்த ஹார்ட் டிஸ்க்

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் எதைச் சொன்னாலும் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. அக்காவின் கல்யாண வீடியோ பென் டிரைவில் வந்தபோது, "இது தொலைந்துவிடும், வீட்டிலேயே ஒரு சர்வர் போட்டுப் பத்திரப்படுத்துகிறேன்" என்று அறிவித்தேன். அப்பா உடனே பீரோவுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிவிட்டார்.

டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில், ஆபீஸ்கள் கழித்துவிட்ட ஹார்ட் டிஸ்க்குகளை ஒரு அண்ணன் விற்றுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் எவ்வளவு ஓடியிருக்கிறது, எங்கே பழுது என்று திரையில் காட்டினார். நான் திரையைப் பார்க்கவே இல்லை. ஜோடியாக இருந்த இரண்டு டிஸ்க்குகள் மட்டும், நாகமலைக்கு அந்தப் பக்கம் மழை பெய்வதுபோலச் சன்னமாக இரைந்தன. வெளியே தார் உருகும் வெயில். கண்ணை மூடிக் கேட்டேன். (ஹார்ட் டிஸ்க்கைக் காதால் தேர்ந்தெடுத்த ஒரே கம்ப்யூட்டர் பட்டதாரி நானாகத்தான் இருப்பேன்.)

"தம்பி, ரெண்டும் ஒரே இடத்துல ஒண்ணா ஓடுனது. ஒண்ணு போனா மத்ததும் பின்னாடியே போயிரும். ஒண்ணை வேற லாட்டுல, வேற ஆபீஸ்லருந்து வந்ததுல எடுங்க."

வேறு லாட்டு டிஸ்க் தேங்காய் துருவுவதுபோலக் கரகரத்தது. ஒரே வீடியோ இரண்டிலும் இருக்கும், ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும் என்று அவருக்கே நீளமாகப் பாடம் எடுத்தேன்.

"அதுக்குத்தாங்க தம்பி சொல்றேன்" என்றார்.

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குள் அன்றிலிருந்து மழைதான். மத்தியானம் படுத்தால் எழவே மனம் வராது. அம்மா தூக்கத்திலேயே எழுந்துபோய் மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை அள்ளிவந்தார். நானோ வீடியோவை இரண்டு டிஸ்க்கிலும் பதிந்துவிட்டு, பென் டிரைவை அழித்து காலேஜ் ப்ராஜெக்டை ஏற்றினேன். வீடியோக்காரரும் தன்னிடமிருந்ததை அழித்துவிட்டார்.

ஆடி விருந்துக்கு அக்கா, மச்சான், அவருடைய அம்மா மூவரும் வந்தார்கள். சாப்பிட்டதும் வீடியோ பார்ப்பதாக ஏற்பாடு. காலையிலேயே ஒரு டிஸ்க் நின்றிருந்தது. இன்னொன்றுதான் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்ததும் அதை ஓட்டினேன். சுற்றியது. சுற்ற மட்டும்தான் செய்தது. திரை இருட்டாகவே கிடந்தது.

அணைத்தேன், போட்டேன், மறுபடி அணைத்தேன்.

அக்கா மெதுவாகக் கேட்டாள்: "தாலி கட்டுறது மட்டுமாச்சும் வருமாடா? நான் குனிஞ்சே இருந்தேன், ஒண்ணுமே பாக்கல."

திரும்பிப் பார்த்தேன். மச்சானின் அம்மா சுவரில் சாய்ந்து தூங்கியிருந்தார். பிறகு அப்பா, அம்மா, பிறகு மச்சான். கடைசியில் அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே அம்மா மடியில் தூங்கிப்போனாள். அந்த மழையில் நான் ஒருவன்தான் விழித்திருந்தேன்.

உள்ளே இருப்பதை மீட்க என்ன செலவாகும் என்று சென்னையில் விசாரித்தேன். அதற்கு இன்னொரு கல்யாணமே செய்துவிடலாம் போலிருந்தது.

அந்த டிஸ்க் இன்னும் சுற்றுகிறது, அக்கா மகனின் தொட்டிலுக்குப் பக்கத்தில். அது இரைந்தால்தான் அவன் கண் மூடுவான். நான் அந்த வீட்டுக்குப் போனால் மச்சான் வாசலிலேயே சொல்லிவிடுவார்:

"வாங்க மாப்ள, எங்க கல்யாணத்தைக் கொஞ்சம் போட்டு விடுங்க. பய தூங்கணும்."