ஷிஃப்டைப் பிடித்த வீரன்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீரசபதம் எடுத்தேன். இனி என் கொம்பியூட்டரைத் திருத்த மச்சான் றொனால்டைக் கூப்பிடுவதில்லை!

அதற்கு முந்தின நாள் அது தன்பாட்டில் ஒரு அப்டேற் போட்டுக்கொண்டது. அப்டேற்றில் ‘அப்’ இருக்கிறதே தவிர, சாமான் எழும்பவில்லை. பாஸ்வேர்ட் கேட்கும். திரை நீலமாகும். “ங்ங்ங்... டிக்!” செத்துவிடும். தானாக உயிர்க்கும். மறுபடி சாகும்.

“என்னப்பா அதுக்கு?” என்றாள் மனிசி சுலக்சனா.

“பூட் ஆகேல்லை.”

“பூட்டாட்டித் திறந்துதானே கிடக்கும்?”

“பகிடி விடாதை.”

“றொனால்டைக் கூப்பிடட்டோ?”

“வேண்டாம்! பன்ரெண்டு மணிக்குள்ளை நானே திருத்தினால், நாளைக்கு அவன்ரை புதுவீட்டுக் குடிபூரலுக்கு வரமாட்டன். பந்தயமோ?”

கனடாவின் மார்க்கம் நகரில் புது வீடு வாங்கிய நாளிலிருந்து றொனால்டின் வாயைத் தாங்க முடியவில்லை. “அத்தான், இந்தப் பைப்பைத் தொட்டுப் பாருங்கோ. இத்தாலி! இந்தக் கொமட்டிலை இருந்து பாருங்கோ. ஜேர்மனி!” போன முறை ஐரோப்பா முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் நான் மில்லிக்கனிலுள்ள என் வீட்டுக்குத் திரும்பினேன். ஆள் வெயார்ஹவுஸ் சுப்பவைசர். குடிபூரலுக்கும் சொந்தக்காரருக்கு ஷிஃப்ட் போட்டு அட்டவணை அனுப்பியிருந்தான். வெங்காயம் உரிக்கிற ஷிஃப்டுக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. கிடைக்குமா?

“சரி, பந்தயம்,” என்றாள் சுலக்சனா. அவ்வளவு சுகமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

கொம்பியூட்டர் கிடக்கிற பேஸ்மென்ற் கதவைச் சாத்திக்கொண்டு, என்னோடு வேலை செய்கிற மாக்கஸுக்கு இரகசியமாகப் போன் எடுத்தேன்.

“அண்ணை, சிம்பிள். பாஸ்வேர்ட் கேக்கேக்கை ஷிஃப்டை அமத்திப் பிடிச்சுக்கொண்டு ரீஸ்ராட் குடுங்கோ. என்ன நடந்தாலும் ஷிஃப்டை விட்டிடாதேங்கோ!”

அமத்தினேன். உயிர் போனாலும் விரல் போகக்கூடாது! அந்த நேரம் பார்த்து, மேலிருந்து சூட்டுக் காற்று வருகிற ஹீற்றர் துவாரத்தின் வழியே சுலக்சனாவின் குரல்:

“இஞ்சாருங்கோ, ஷிஃப்டைப் பிடிச்சிட்டியளோ?”

“ஓம், பிடிச்சிட்டன்!”

“பிறகு விடமாட்டியள்தானே?”

“செத்தாலும் விடமாட்டன்!”

“தனியவோ?”

மாக்கஸ் லைனில் நின்ற போனைச் சட்டைப்பைக்குள் ஒளித்தேன். “தனியத்தான்! ஒருத்தற்றை உதவியும் எனக்கு வேண்டாம்!”

“கேக்கேல்லையப்பா. சத்தமாச் சொல்லுங்கோ!”

துவாரத்துக்குள் வாயை வைத்துக் கத்தினேன்.

திரையில் மெனு வந்தது. மாக்கஸ் சொல்லச் சொல்ல அந்தப் பாழாய்ப்போன அப்டேற்றைக் கழற்றினேன். பதினொன்று நாற்பதுக்குக் கொம்பியூட்டர் எழும்பியது. நான் படிகளை மூன்று மூன்றாகத் தாண்டினேன்.

“வெண்டிட்டன்! குடிபூரலுக்கு வரமாட்டன்!”

சுலக்சனா கையிலிருந்த போனை வைத்தாள். “பந்தயம் பந்தயம்தானப்பா. குடிபூரல் ஒன்பது மணிக்கு. அதுக்கு நீங்கள் நிக்கத் தேவையில்லை.”

“அப்பிடி வா வழிக்கு!”

“உங்கடை வெங்காய ஷிஃப்ட் விடிய அஞ்சு மணிக்கு. றொனால்ட் லைனிலைதான் நிண்டவன். நீங்கள் கத்தினதைக் கேட்டு அழுதிட்டான், பாவம். நாளைக்கு நீங்கள் அழலாம்.”

“அநியாயம்! நான் சொன்னது கீபோட் ஷிஃப்டை! நான் அமத்தின நேரம் பாத்துக் கேட்டியே, ஷிஃப்டை அமத்தோணும் எண்டு உனக்கு ஆர் சொன்னது?”

“போன அப்டேற்றுக்கு மாக்கஸின்ரை கொம்பியூட்டரும் விழுந்தது. அவருக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தானே.”

ஞாயிறு விடிய ஐந்து மணி. நாற்பது றாத்தல் வெங்காய மூட்டைக்கு முன்னால் என்னை இருத்திவிட்டு றொனால்ட் சொன்னான்: “அத்தான், ஒண்டைத் தொட்டுப் பாருங்கோ. ஸ்பெயின்!”